கம்பளத்தின் முதுகைப் பிரித்தபோது

வணக்கம். கேமராவை இன்று தரையோடு தரையாக வைத்திருக்கிறேன். கம்பளம் குப்புறக் கிடக்கிறது அல்லவா, அதனால். இதோ, ஓரத்தைத் தூக்கினால் கொட்டுகிறதே மஞ்சள் பொடி, தெரிகிறதா? பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருந்தது. தெருப்புழுதி என்றுதான் நினைத்தேன். பசை!

இது டஃப்டட் கம்பளம். கையால் முடிச்சுப் போட்டு நெய்ததென்றால் பின்பக்கமும் அதே பூ வேலை தெரியும். இதில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைத் துணிக்குள் குத்தி இறக்கியிருப்பார்கள். முடிச்சே கிடையாது. பின்னால் பூசிய லேடெக்ஸ் என்ற ரப்பர் பசைதான் நூலைப் பிடித்திருக்கிறது. அதை மறைக்க மேலே ஒரு துணி. அந்தப் பசையில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்திருக்கும். சூடும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகிப்போனால் இப்படி மாவாக உதிரும்.

முன்பு ஒரு முறை நானே இதைப் பழுது பார்த்தேன். என் அவசர புத்தி, பொடியின் மேலேயே புதுப் பசையைத் தடவித் துணியை ஒட்டிவிட்டேன். பார்க்க அம்சமாக இருந்தது. சில மாதங்களில், ஈரம் ஏறிய சுவரில் காரை பெயர்வதுபோல், துணி பசையோடு பெயர்ந்துவிட்டது. புதுப் பசை பொடியைத்தானே பிடித்திருந்தது!

ஆகவே இன்று முக்கால்வாசி வேலை சுரண்டல்தான். முதலில் முகக்கவசம், இந்தப் பொடியை மூச்சில் இழுக்காதீர்கள். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். பழைய துணியை மெதுவாக உரிக்கிறேன். சுவருக்குப் பட்டி பார்க்கும் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, நொறுங்குகிற இடங்களை மட்டும் சுரண்டுகிறேன். இன்னும் ரப்பராக இழுபடும் இடத்தைத் தொடுவதில்லை, அது நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு தூசி உறிஞ்சும் இயந்திரம், இரண்டு முறை.

முன்பக்கத்து நூலை லேசாக இழுத்துப் பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு வந்தால் ஊசியால் பின்னாலிருந்து கோத்துவிடலாம். கொத்துக் கொத்தாக வந்தால், மன்னிக்கவும், அந்தக் கம்பளத்துக்கு இவ்வளவு உழைப்பு வீண்.

இப்போது புது லேடெக்ஸ். மெல்லிய பூச்சுப் போதும். அதிகமானால் முன்பக்கம் கசிந்து நூலெல்லாம் விறைத்துவிடும். ஒட்டப்போகும் பருத்தித் துணியை நேற்றே நனைத்துக் காயவைத்துவிட்டேன். ஒட்டிய பின் சுருங்கினால் கம்பளத்தின் ஓரங்களையும் சேர்த்துச் சுருட்டிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தேய்த்தால் காற்றுக் குமிழி வெளியேறும். மேலே பலகை, பலகை மேல் கனமான புத்தகங்கள். அகராதிக்கு இன்று நல்ல வேலை.

24 மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும். பால் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் ஈரம். காய்ந்தால் இந்தப் பசையின் வெண்மை போய்விடும். ஓர் ஓரத்தில் துணியைத் தூக்கிப் பார்க்கிறேன்... ம்ஹும், வெள்ளைதான். ஓரத்தில் நாடா வைத்துத் தைப்பதை நாளை காட்டுகிறேன்.