வீட்டுக் கீபோர்டோடு தேசியப் போட்டிக்குப் போகலாமா?

வணக்கம். உப்புவெளியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 13 வயது. பியானோ பரீட்சையில் ஆறாம் கிரேட் நல்ல புள்ளிகளோடு பாஸ் பண்ணிவிட்டாள். வீட்டில் இருப்பது கீபோர்ட்தான். இளம் பியானோ கலைஞர்களுக்குக் கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அனுப்பலாமா? வாசிக்க என்ன பீஸ் (இசை உருப்படி) கொடுக்கலாம், டீச்சர்?"

அனுப்புங்கள் அம்மா, தயங்க வேண்டாம். திருகோணமலையிலிருந்து ஒரு பிள்ளை அந்த மேடைக்குப் போகப் போகிறது என்று நினைத்தாலே எனக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயதை எந்தத் திகதியில் கணக்கிடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் முன்னே பின்னே இருந்தால்கூடப் பிள்ளை பெரிய பிள்ளைகளின் பிரிவுக்குப் போய்விடக்கூடும். இப்படியான போட்டிகளில் முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். வெட்டி ஒட்டாமல் ஒரே தடவையில் எடுத்ததாக, கையும் முகமும் தெரிகிறதாக இருக்க வேண்டும். மேடையில் தாள் பார்க்காமல் வாசிக்கச் சொல்வதும் வழக்கம். நேரம் முடிந்தால் நடுவர்கள் பாதியிலேயே நிறுத்துவார்கள். பிழை விட்டதால் நிறுத்தினார்கள் என்று பிள்ளை நினைத்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என்ன பீஸ்? தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு என் பதில் தெரியும்: ஒரு படி இறங்குங்கள். ஆறாம் கிரேட் பிள்ளைக்கு எட்டாம் கிரேட் பீஸைக் கொடுத்து விழுந்தடித்து ஓட வைக்காதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய இரு குரல் இன்வென்ஷன்கள், அதாவது இரண்டு கையும் இரண்டு தனிக் குரலாகப் பாடுகிற சின்னப் பீஸ்கள், 15 இருக்கின்றன. அதில் ஒன்றை, வலக்கைக் குரலும் இடக்கைக் குரலும் தனித்தனியே கேட்கும்படி வாசித்தால் நடுவர் நிமிர்ந்து உட்காருவார். மற்றதை அவளுடைய டீச்சரோடு கதைத்து முடிவெடுங்கள்.

சரி, அந்த அம்மா கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. மகள் இதுவரை எத்தனை பியானோவில் கை வைத்திருக்கிறாள்?

வயலின் வாசிக்கிற பிள்ளை தன் வயலினோடு போகும். கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வருகிற நாதஸ்வர வித்துவான் தன் நாதஸ்வரத்தோடுதான் வருவார். பியானோ வாசிக்கிற பிள்ளை மட்டும் வெறுங்கையோடு போய், முன்பின் தொட்டிராத வாத்தியத்தின் முன்னால் உட்கார வேண்டும். இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை. சுவரோரம் நிற்கிற அப்ரைட் பியானோவில்தான் பழகியிருந்தாள். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், தூக்கம் கலையாமலே மேடை ஏறினாள். அங்கே இருந்தது கம்பிகள் படுக்கையாக இருக்கிற பெரிய கிராண்ட் பியானோ. சத்தத்தைக் குறைத்து வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் இடது பெடலை அழுத்தினாள். விரலுக்குக் கீழே கட்டைகள் முழுவதும் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தன. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பியானோவில் பழுது எதுவும் இல்லை. கிராண்டில் இடது பெடல் அப்படித்தான் வேலை செய்யும். கட்டைகளும், உள்ளே கம்பியை அடிக்கிற சுத்தியல்களும் சேர்ந்து நகர்வதால், ஒரு ஸ்வரத்துக்குரிய மூன்று கம்பிகளில் ஒன்றைச் சுத்தியல் தொடாமல் விடும், நாதமும் மாறும். அப்ரைட்டில் அதே பெடல் சுத்தியல்களைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுவரும், அவ்வளவுதான். இதை நான் அவளுக்கு வாயால்கூடச் சொல்லி அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்று. கிராண்டில் சுத்தியல் கீழிருந்து மேலே அடித்துவிட்டுத் தன் பாரத்திலேயே விழும். 1821இல் எரார்ட் என்பவர் கண்டுபிடித்த பொறியமைப்பால், கட்டை முழுதாக மேலே வராமலே அதே ஸ்வரத்தைத் திரும்ப அடிக்கலாம். அப்ரைட்டில் கட்டை நன்றாக மேலே வந்தாக வேண்டும். வீட்டில் ஓடாத வேகம் அங்கே ஓடும், வீட்டில் அடங்கிய சத்தம் அங்கே வெடிக்கும். அப்போ கீபோர்டிலிருந்து போகிற பிள்ளையை யோசித்துப் பாருங்கள். வாங்கினால் 88 கட்டைகளும், அழுத்தும்போது பாரம் தெரிகிறதும், பெடலும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 61 கட்டை உள்ளதில் சில பீஸ்களுக்குக் கட்டையே போதாது.

அப்புறம், கேட்கவும் வேண்டும். போட்டிக்கு முன்பு ஒரு தடவையாவது கொழும்பில் ஒரு பியானோ கச்சேரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே லயனல் வென்ட்டின் பெயரில் இருக்கிற கலை மண்டபத்தையும் காட்டுங்கள். வென்ட்டை எல்லோரும் புகைப்படக் கலைஞர் என்பார்கள். அவர் லண்டனில் படித்த பியானோ கலைஞர் என்று சொன்னால் என் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள்.

கிராண்டுக்கு இங்கே எங்கே போவது என்று கேட்பீர்கள். கிராண்டே வேண்டாம். பழைய தேவாலயத்திலோ பள்ளி மண்டபத்திலோ துணி போர்த்திய அப்ரைட் ஒன்று கிடக்கிறதா என்று விசாரியுங்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடித்திருக்கும். வாடைக் காலத்து ஈரத்தில் பலகை ஊதிச் சுருதி ஏறியிருக்கும், கச்சான் அடிக்கிற மாதங்களில் காய்ந்து இறங்கியிருக்கும். பரவாயில்லை. ஒரு கட்டை கல்லாக இருக்கும், ஒன்று அழுத்தினால் எழும்பாது. அதில் உட்கார்ந்து அந்த இன்வென்ஷனை வாசிக்கட்டும். முதல் இரண்டு நிமிடத்துக்குள் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, பெடலை அழுத்திப் பார்த்து, சத்தம் எங்கே தடிக்கிறது என்று காதால் பிடிக்க வேண்டும். மேடையில் இருக்கையைச் சரிசெய்ய எடுக்கும் நேரத்தை ஒரு நடுவரும் குறையாகப் பார்க்க மாட்டார்.

ஃபாதரிடமோ அதிபரிடமோ நேரே போய்க் கேளுங்கள், சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் போதும். தூசு தட்ட ஒரு துணி கொண்டுபோங்கள். மகளிடம் ஒரு கொப்பி கொடுங்கள். ஒவ்வொரு பியானோவுக்கும் ஒரு பக்கம்: எந்தக் கட்டை பாரம், பெடல் எவ்வளவு ஆழம், எங்கே கைக்கு வசப்பட்டது. நான்கு பக்கம் நிரம்பியதும் விண்ணப்பத்தைப் போடுங்கள் அம்மா. அந்த நான்கு பக்கத்தையும் எனக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். நம் ஊரில் எத்தனை பியானோ உயிரோடு இருக்கின்றன என்று எனக்கும் தெரிய வேண்டும்.