மானிப்பாயின் தமிழ் வைத்திய வகுப்பு

அவையோருக்கு வணக்கம்.

மானிப்பாய் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையை அறியாதவர் இந்த மண்டபத்தில் இருக்கமாட்டீர்கள். இன்றைய பேச்சு ஆஸ்பத்திரியைப் பற்றியதல்ல, அதோடு ஒட்டி நடந்த வைத்திய வகுப்பைப் பற்றியது. கிறீன் காலத்தில் அங்கே படித்து வெளியேறியவர்கள் நூறு பேரைக்கூட எட்டவில்லை.

அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தது 1847இல். அடுத்த ஆண்டே மானிப்பாயில் படிப்பிக்கத் தொடங்கினார், ஆங்கிலத்தில்தான். மிஷனின் ஆங்கிலக் கல்லூரியான வட்டுக்கோட்டைச் செமினரி இருந்தபடியால் ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சிக்கல் படிப்பு முடிந்த பிறகு வந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவருக்கு அரசாங்கச் சம்பளம் காத்திருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். செமினரியும் 1855இல் மூடப்பட்டது. 1864இல் கிறீன் தமிழிலேயே வகுப்பு நடத்தத் தொடங்கினார். தமிழ்ப்பற்று என்று சொல்லி நாம் கைதட்டு வாங்கலாம். அவருடைய கணக்கு வேறு: தமிழில் படித்தவர் ஊரோடு இருப்பார்.

பாடமொழியை மாற்ற ஓர் அறிவித்தல் போதும். பாடநூலுக்கு எங்கே போவது? மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் திருத்தினார். சொல் தேடுவதில் ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல், இல்லையென்றால் வடசொல், அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இழைத்து எடுப்பது. 'கெமிஸ்ற்றி'க்கு 'கெமிஸ்தம்' அப்படிப் பிறந்தது. உடற்கூற்றுக்கு வைத்த 'அங்காதிபாதம்' காதில் விழும்போது நமது பாதாதிகேசம் நினைவுக்கு வருகிறதல்லவா?

இந்த வேலை எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒரு சொல் போதும். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம் என்று இன்றைய நம் பாடநூல்கள் பிரிக்கின்றன. ஆனால் நாட்டு வைத்தியர் நாடி பார்ப்பது மணிக்கட்டில் விரல் வைத்து; அவருக்கு நாடி என்றால் துடிப்பு. வகுப்பில் ஒருவர் ஒரு பொருளிலும் இன்னொருவர் மற்றப் பொருளிலும் எடுத்துக்கொண்டால், இரத்தம் பீறிடும் காயத்தில் எதைக் கட்டுவது? ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று முதலிலேயே முடிவு கட்டாவிட்டால் புத்தகம் ஆளைக் கொல்லும். சொற்கோவைகளையும் கிறீன் தனியே அச்சிட்டது வீண்வேலை அல்ல.

குறையும் இருந்தது: அச்சு வகுப்புக்குப் பின்னால் ஓடிவந்தது. துரூயிற்றின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்று 1867இல் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆனது 1872இல், அதாவது தமிழ் வகுப்பு தொடங்கி எட்டு வருடம் கழித்து. கிறீன் 1873இல் நாடு திரும்பிவிட்டார். 'கெமிஸ்தம்' 1875இல்தான் வெளிவந்தது. இதற்கிடையில், 1870இல், கொழும்பில் மருத்துவப் பள்ளி திறந்தாயிற்று. அங்கே பாடமொழி ஆங்கிலம்.

கெமிஸ்தம் இன்று இரசாயனவியல், இரண வைத்தியம் சத்திரசிகிச்சை. அங்காதிபாதத்தையும் உடற்கூற்றியல் தள்ளிவிட்டது. மின்னிணைப்போ தாதிமையோ தமிழில் படிப்பிக்கும் நம்மூர்ப் பயிற்சி நிலையங்கள் விண்ணப்பம் கோருமுன் சொற்பட்டியலை அச்சில் வைத்திருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.