ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம் என்று யார் சொன்னது?

வணக்கம் மக்களே! "ஆயுள் தண்டனைதானே, 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவான்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்? அது தப்பு. இந்தியச் சட்டப்படி ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை சிறைதான். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தண்டனைக் கழிவையெல்லாம், அதாவது நன்னடத்தை போன்றவற்றுக்காகச் சிறையில் குறைக்கும் நாட்களையெல்லாம் சேர்த்தால் என் காலம் முடிந்துவிட்டது, விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். கழிவு எவ்வளவு சேர்ந்தாலும் அரசு முடிவெடுத்தால்தான் விடுதலை என்று 1961இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1964இல் அரசுதான் விடுவித்தது.

சரி, இந்த 14 எங்கிருந்து வந்தது? மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில் ஆயுள் கைதியானவரை, 14 வருடம் உள்ளே இருக்காமல் தண்டனையைக் குறைத்து விடக்கூடாது என்று 1978இல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 14 முடிந்தபின் கோப்பைப் பார்த்துவிட்டு அரசு முடியாது என்றும் சொல்லலாம். பரோல் வேறு, அது சில நாள் விடுப்பு.

இப்போது இந்தக் கழிவு விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், பிரேசில்! 2012இல் அங்கே மத்திய அரசின் சிறைகளில் ஒரு திட்டம் வந்தது: ஒரு புத்தகம் படித்தால் தண்டனையில் 4 நாள் கழியும், வருடத்துக்கு 12 புத்தகம், அதிகபட்சம் 48 நாள். சும்மா புரட்டினால் போதாது, படித்ததைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும், அதுவும் பத்தி பிரித்து, ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல், புரிகிற கையெழுத்தில்! யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட ஒருவர் ஒரு நாவலை முடித்துவிட்டு, அதைப் பற்றித் தனக்கு என்ன தோன்றுகிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாக எழுதுகிறார். நன்னடத்தை என்று அதிகாரி போடும் குறிப்பைவிட அந்த ஒரு தாள் அவரைப் பற்றி அதிகம் சொல்லும், இது என் கருத்து. ருமேனியாவில் புத்தகம் எழுதி வெளியிட்டால் 30 நாள் கழிவு என்று வைத்தார்கள். செல்வாக்குள்ள கைதிகள் மளமளவென்று நூல்களை இறக்க, 2016இல் அதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. காசு கொடுத்து வாங்க முடிகிற எதையும் கழிவுக்கு அளவுகோலாக வைக்கவே கூடாது.

அப்புறம், இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். முன்விடுதலைக் கொள்கை, அதாவது தண்டனை முடியும் முன்பே கைதியை விடுவதற்கான விதிகள் உள்ள மாநிலங்களில், தகுதி வந்த கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் யாராவது உள்ளே இருந்தால் இந்த வீடியோவை அனுப்புங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கச் சொல்லுங்கள், கைதிகளுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.