மொட்டை மாடியிலிருந்து தொடங்குவோம்: சென்னையில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வரிசை

[காட்சி: மே மாத நண்பகல். வெயிலில் காயும் மொட்டை மாடித் தட்டோடுகள்.]

வணக்கம். பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சொல்பவர்களிடம் என்னென்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், முதலில் வருவது மாடுலர் கிச்சன். அடுத்தது ஃபால்ஸ் சீலிங். அப்புறம் ஹாலில் டிவி மாட்டும் சுவர். மொட்டை மாடி அந்தப் பட்டியலிலேயே இருக்காது. வாசல் பக்கமா? 'டைல்ஸ் போட்டுவிடலாம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

இந்த வீடியோவில் அந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். பணம் முதலில் போக வேண்டியது மாடிக்கு, பிறகு வெளிச்சுவருக்கும் தரைக்கும். ஹாலும் சமையலறையும் அதற்குப் பிறகுதான்.

உதாரணத்துக்கு சென்னையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. 1980-களில் கட்டிய தனி வீடு. கீழே ஆயிரம் சதுர அடிக்குக் கட்டடம், மேலே மொட்டை மாடி. முன்னால் கொஞ்சம் இடம், பக்கவாட்டில் ஐந்தடிச் சந்து, பின்னால் துணி துவைக்கும் கல்.

[காட்சி: வீட்டின் வரைபடம். திசைகள் குறிக்கப்பட்டுள்ளன.]

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அதனால் கோடையில் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு சுவர் வழியாக வருவதில்லை, கூரை வழியாகத்தான் வருகிறது. நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் பகல் முழுவதும் சூட்டைக் குடித்துவைத்து, இரவில் மெதுவாக உள்பக்கம் விடும். இரவு பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் நம் மேல் இறக்குகிறது.

பழைய கொத்தனார்களுக்கு இது தெரிந்த விஷயம். கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கெட்டித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். சில இடங்களில் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. சூடு இறங்குவதையும் தண்ணீர் இறங்குவதையும் சேர்த்துத் தடுக்கிற அடுக்கு அது. நம் உதாரண வீட்டிலும் அது இருக்கும். கேள்வி, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான்.

[காட்சி: தட்டோட்டின் மேல் ஒரு இரும்புக் கம்பியின் முனை மெதுவாகத் தட்டுகிறது.]

கம்பி முனையால் ஒவ்வொரு ஓடாகத் தட்டுங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் ஓடு பிடிப்போடு இருக்கிறது. 'டொப்' என்று வெற்றொலி வந்தால் அடியில் விட்டுப்போயிருக்கிறது, அந்த இடைவெளியில் மழைத்தண்ணீர் உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஓடுகளைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்காங்கே சில ஓடுகள் என்றால் அவற்றை மட்டும் பெயர்த்து மாற்றி, இணைப்புகளை அடைத்தால் போதும். பாதி மாடி குறியாகிவிட்டால் முழுவதையும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டின் வெடிப்பை அடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்து, புதிதாகத்தான் போட வேண்டும். அப்போது இரண்டு இடங்களில் மேஸ்திரியைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒன்று வாட்டம்: தண்ணீர் குழாய் வாய்க்குத் தானாக ஓட வேண்டும். இரண்டாவது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை. அதைச் செங்கோணமாக விடாமல் வளைவாகப் பூச வேண்டும். கசிவு அதிகம் தொடங்குவது அந்த மூலையில்தான்.

அதன்மேல் வெள்ளை நிறம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை டைல்ஸ் கிடைக்கிறது, பெயின்ட் கிடைக்கிறது, எதுவும் கட்டுப்படியாகாவிட்டால் சுண்ணாம்பு அடிக்கலாம். தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனியாக ஒரு கொள்கை கொண்டுவந்தது என்றால், இது ஏதோ கைவைத்தியம் இல்லை என்பது புரியும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வெள்ளை அழுக்கானால் வேலை செய்யாது. வருடத்துக்கு ஒரு தடவை, கோடைக்கு முன்னால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு குறையாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் குறையும்தான். ஆனால் ஒழுகும் தளத்துக்கு அடியில் அதைப் போட்டால், ஜிப்சம் பலகை ஊறித் தொங்கும் வரைக்கும் ஒழுகுவதே தெரியாது. அதனால்தான் அதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன்.

[காட்சி: மாடியில் வரிசையாகத் தொட்டிகள். கத்தரி, தக்காளி.]

மாடித் தோட்டம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஆட்கள் ஏறி இறங்கும் மொட்டை மாடிக்கு, வழக்கமான தர விதிப்படி, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். ஈர மண் ஒரு கன அடி ஏறத்தாழ 50 கிலோ. ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஓரடி உயரத்துக்கு மண் கொட்டினால் 500 கிலோவைத் தாண்டிவிடும். தொட்டிகளில் தென்னை நார்க்கழிவைப் பாதிக்கு மேல் கலந்து எடையைக் குறையுங்கள். கனமான தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர்மேலே வையுங்கள், நடுத்தளத்தில் வேண்டாம். அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவைத்தால் தண்ணீர் தேங்காது.

சரி, மாடியை விட்டு இறங்குவோம்.

[காட்சி: மாலை நான்கு மணி. மேற்குச் சுவரில் விழும் வெயில்.]

தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். மேற்கு அப்படியில்லை, மாலை வெயில் சாய்ந்து, சன்ஷேடுக்கு அடியில் புகுந்து வரும். மேற்கே இருப்பது அந்த ஐந்தடிச் சந்து என்றால் பெரிய மரம் வைக்க முடியாது. சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, கம்பி வலையை நிறுத்தி, அதில் ரங்கூன் மல்லியோ சங்குப்பூவோ ஏற்றுங்கள். கொடி நேரடியாகச் சுவரைப் பற்றக் கூடாது, பற்றினால் பூச்சில் ஈரம் தங்கும். இடைவெளி இருந்தால் அதில் காற்று ஓடும், சுவரும் ஆறும். சந்தின் ஓரத்தில் செம்பருத்தி, கறிவேப்பிலை வைக்கலாம். பத்து, பன்னிரண்டு அடி இடம் இருப்பவர்கள் புங்கை வைக்கலாம். சென்னைக்கு அதைவிடத் தோதான நிழல் மரத்தைச் சொல்வது கஷ்டம்.

இப்போது தரை. இந்த வீடியோவில் நான் அதிகம் வற்புறுத்தப்போவது இதைத்தான்.

[காட்சி: கேட் முதல் படி வரை பளபளக்கும் டைல்ஸ். மழையில் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது.]

கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒரு விரற்கடை மண்கூட இல்லாமல் டைல்ஸ் பதிப்பது இப்போது சுத்தத்தின் அடையாளமாகிவிட்டது. அந்தத் தரை மதியம் கொதிக்கும், அந்தச் சூடு ஜன்னல் வழியாக உள்ளே வரும். மழை பெய்தால் தண்ணீர் முழுவதும் தெருவுக்குப் போகும். பாலிஷ் போட்ட கிரானைட் என்றால் ஈரத்தில் பெரியவர்கள் வழுக்கி விழும் பயமும் சேர்ந்துகொள்ளும்.

வீணாகப் போகும் தண்ணீர் எவ்வளவு? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 1,30,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் பத்துக்கு மேல், மாடியிலிருந்து மட்டும். 2019 கோடையில் லாரிக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு குழி இருக்கக்கூடும். மூடியைத் திறந்து எப்போது பார்த்தீர்கள்? பல வீடுகளில் அது சேறு அடைத்து, பெயருக்கு இருக்கிறது. புதுப்பிக்கும் வேலையோடு இதையும் சேர்த்துவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல், குறைந்த ஆழத்துக் குழியே தண்ணீரைக் குடித்துவிடும். அண்ணா நகர், விருகம்பாக்கம், கே.கே. நகர் பக்கம் களிமண், அங்கே சின்னக் குழி பிரயோஜனப்படாது. மூன்றடி அகல உறைகளை, அதாவது கான்கிரீட் வளையங்களை, இறக்கி, களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டுப்படும் வரை போக வேண்டும். வேளச்சேரி, கிண்டியில் அடியில் பாறை. அங்கே தரைக்கு அடியில் உள்ள தொட்டியான சம்ப்பில் பிடித்துவைத்து உபயோகிப்பதும் நல்ல வழி. எந்த மண்ணானாலும் முதல் மழைத்தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடியுங்கள்.

[காட்சி: கார் நிற்கும் இடம். இரண்டு கான்கிரீட் பட்டைகள், நடுவில் புல்.]

கார் நிறுத்த முழுத்தரை தேவையில்லை. சக்கரம் ஓட இரண்டடி அகலத்தில் இரண்டு கற்பட்டைகள் போதும், நடுவில் மண்ணை விடலாம். பேவர் பிளாக் போடுவதானால் சிமென்ட் கலவையில் பதிக்காமல் மணல் படுக்கையில் இடைவெளி விட்டுப் பதியுங்கள். தரையின் வாட்டம் கேட்டை நோக்கி இருக்க வேண்டாம், செடிப் பாத்தியை நோக்கி இருக்கட்டும்.

ஏற்கனவே மரம் இருந்தால் அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது மண்ணைத் திறந்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கழுத்து வரை கான்கிரீட் போட்டு நெருக்கிய மரத்தின் வேர் எங்கே பிடிப்புத் தேடும்?

புல்வெளி பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இருநூறு சதுர அடி முற்றத்தில் கொரியன் புல் போடுவது கோடையில் தண்ணீருக்கும் ஆளுக்கும் செலவு வைக்கிற வேலை. அதே இடத்தில் துவைக்கும் கல்லுக்குப் பக்கம், ஈரமும் அரை நிழலும் இருக்கிற ஓரத்தில் வல்லாரை படரவிடலாம். பார்வைக்குப் பச்சை, துவையலுக்கும் ஆகும். குளிக்கிற தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்குத் திருப்பலாம், வாழைக்கும் விடலாம்.

தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போனவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகள் இப்படித்தான் ஆகியிருக்கின்றன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள், அது பெரிய செலவு, அதில் அனுபவமுள்ள ஆட்களும் வேண்டும். அந்த வீடுகளில் உள் அலங்காரத்துக்குப் பணம் போடும் முன் இதற்கு முடிவு எடுத்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் முதலில் ஊறுவது புது ப்ளைவுட்தான்.

[காட்சி: ஹால். சுவரில் கை வைத்துப் பார்க்கும் பொறியாளர்.]

இப்போது உள்ளே வருவோம். சென்னையில் கோடைப் பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்க ஜன்னலைப் பீரோ மறைத்திருந்தால் முதலில் பீரோவை நகர்த்துங்கள், இதற்குச் செலவே இல்லை. காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, எதிர்ப்பக்கம் வெளியேறவும் வழி வேண்டும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்தால் அந்த வழி திறக்கும். ஆனால் 1980-களின் வீடுகள் பலவற்றில் தூணும் பீமும் இருக்காது, ஒன்பது அங்குலச் சுவரே தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். 'எடுத்துடலாம் சார்' என்று மேஸ்திரி சொல்வதை மட்டும் நம்பாமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எடுத்தே ஆக வேண்டுமானால் முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் ஏற்றிய பிறகுதான் உடைக்க வேண்டும்.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு காய்ந்ததும், குழாய் வாயை அடைத்து ஒரு முழு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். சமையலறையில் தாளிக்கிற வீட்டுக்கு முழுத் திறந்த கிச்சன் ஒத்துவராது, நடுவில் ஒரு சறுக்குக் கண்ணாடிக் கதவு வையுங்கள். மேடையின் உயரம் சமைப்பவரின் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே. சிங்குக்கு அடியில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட் மட்டும்.

தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் ஆசை நிறையப் பேருக்கு இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்து ஊர். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்டை அச்சில் ஊற்றி, மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது, அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருவது. வாங்கினால் ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், தண்ணீர் போட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும்.

[காட்சி: நர்சரி. பாலித்தீன் பையில் புங்கை நாற்றுகள்.]

எப்போது தொடங்குவது? மாடி வேலைக்குப் பிப்ரவரியிலிருந்து மே வரை. உறைக்கிணறும் நிலத்தடி நீர் இறங்கியிருக்கும் அதே கோடையில். உள் வேலைக்குக் காலம் பார்க்க வேண்டியதில்லை. செடி, மரம் எல்லாம் ஆடி பிறந்த பிறகு. அப்போதுதான் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடிக்கும். நர்சரியில் ஆளுயர நாற்றைக் காட்டி விலை சொல்வார்கள். அதை விட்டுவிட்டு இரண்டடி நாற்றைக் கேளுங்கள். பையின் அடியைப் பாருங்கள், வேர் வட்டமாகச் சுருண்டு வெளியே வந்திருந்தால் அது பைக்குள்ளேயே அதிக நாள் இருந்த நாற்று. வேறொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.