டிவிடி டிரைவ் டிஸ்க்கைப் படிக்கவில்லையா? முதலில் ஒரு பழைய எம்பி3 சிடியைத் தேடுங்கள்!

வணக்கம் மக்களே! கல்யாண டிவிடியைப் போட்டால் டிரைவ் 'டக் டக்' என்று தட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கைப் போடு என்று உங்களிடமே கேட்கிறதா? உள்ளே இருப்பது என்ன அப்பளமா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வீட்டில் எங்கேயாவது ஒரு எம்பி3 சிடி கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இந்த வீடியோவுக்கு ஹீரோ அதுதான்.

சலிப்பான வேலையை முதலில் முடித்துவிடலாம். விண்டோஸில் கருவிகளைப் பட்டியல் போட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயரே இல்லையென்றால் கேபிளையும் கரண்டையும் பாருங்கள். தனியாகச் செருகும் யூஎஸ்பி டிரைவ் என்றால் ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள். பெயர் இருந்து மஞ்சள் குறி தெரிந்தால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், விண்டோஸ் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஃபைல்கள் தெரிகின்றன, படம் மட்டும் ஓடவில்லை என்றால் டிரைவ் மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டுப் பாருங்கள்.

[திரையில்: லேப்டாப் டிரே, லென்ஸ் குளோசப்]

சரி, இப்போது அந்த எம்பி3 சிடியைப் போடுங்கள். பாட்டு ஓடுகிறதா? ஆனால் டிவிடி மட்டும் ஓடவில்லையா? அப்படியானால் விஷயம் சுவாரசியம்!

டிவிடி டிரைவுக்கு இரண்டு கண். வெளியே தெரியும் லென்ஸ் பெரும்பாலும் ஒன்றுதான், அதற்குப் பின்னால் லேசர் இரண்டு. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்றையே வைத்துச் சமாளிக்கக் கூடாதா? சிடியில் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். டிவிடியில் வெறும் 0.74. அவ்வளவு நெருக்கி எழுதியதைப் படிக்க அலைநீளம் குறைந்த ஒளி வேண்டும். அதனால் ஒரு கண் அவிந்துபோனாலும் இன்னொன்று தன்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். டிரைவர், அதாவது டிரைவை இயக்கும் சாஃப்ட்வேர், கோளாறானால் அது சிடி, டிவிடி என்று ஆள் பார்த்துப் பழகாது. ஒன்று ஓடி மற்றொன்று ஓடவில்லை என்றால் சாஃப்ட்வேரை விட்டுவிட்டு லேசரைச் சந்தேகப்படுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

இன்னொரு கொசுறு. கம்பெனி சிடி தன்மேல் விழும் ஒளியில் 70 சதவீதமாவது திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ சிடியோ 15 முதல் 25 சதவீதம்தான். லேசருக்கு வயதாகும்போது ஆர்டபிள்யூதான் முதலில் தகராறு செய்யும்.

ஆனால் தூசியும் இதே வேலையைக் காட்டும். லேப்டாப் டிரேயை வெளியே இழுத்தால் நீலம் பூசிய மாதிரி ஒரு குட்டி லென்ஸ் தெரியும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, காதுக்கு வைக்கும் பட்ஸில் ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, இரண்டு சுற்று மெதுவாகத் துடையுங்கள். அந்த லென்ஸ் நூல் மாதிரிக் கம்பிகளில்தான் தொங்குகிறது, அழுத்தினால் கதை முடிந்தது. மேசைக் கம்ப்யூட்டரில் லென்ஸ் உள்ளே இருக்கும். அதற்குப் பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க் போதும்.

அதன் பிறகும் ஓடவில்லையா? வேறு டிரைவ் வாங்குங்கள். லேசரை மாற்றுவது வீண் செலவு.

டிஸ்க்கும் குற்றவாளியாக இருக்கலாம். எல்லோரும் பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைப்போம், பெயர் எழுதும் பக்கத்தைத் தரையில் தேய்ப்போம். சிடியில் நேர்மாறாகச் செய்ய வேண்டும்! 1.2 மில்லிமீட்டர் தடிமனில் டேட்டா இருப்பது மேல் பக்கம், பெயருக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில். ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்துப் பூச்சு போய்விட்டது, டேட்டாவும் போச்சு. கீழ்ப் பக்கக் கீறலையாவது தேய்த்துச் சரிசெய்யலாம், இதற்கு மருந்தில்லை. டிவிடியில் டேட்டா நடுவில் இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கும். துடைக்கும்போது வட்டமாகச் சுற்றாதீர்கள், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள்.

ஒருவழியாகப் படித்துவிட்டதா? உடனே பார்க்க உட்காராமல், முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி போடுங்கள். அப்புறம் கமெண்டில் உங்கள் டிரைவில் சிடி ஓடுகிறதா, டிவிடி ஓடுகிறதா, டிஸ்க் கம்பெனி போட்டதா, ரைட் செய்ததா என்று எழுதுங்கள். "சார், ஓடல" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.