காவசாகி நோய் பாடத்தில் உள்ளபடி வராதபோது எப்படிக் கண்டுகொள்வது?

"காவசாகி நோயின் எல்லா அடையாளங்களும் தெரியாமலேயே குழந்தை திடீரென்று மோசமாகிவிடுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். ஆகலாம், நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதும் பெரும்பாலும் அத்தகைய குழந்தைகளிடம்தான்.

1967இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு காவசாகி விவரித்த இந்த ரத்தக்குழாய் அழற்சியில், குறைந்தது 5 நாள் காய்ச்சலுடன் சீழில்லாத கண் சிவப்பு, உதடு வெடிப்பு அல்லது சிவந்த நாக்கு, தோல் தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறிக்கட்டு ஆகிய ஐந்தில் நான்கு இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். ஆனால் ஆறு மாதத்திற்குட்பட்ட கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சலும் தூக்கி வைத்தாலும் அடங்காத அழுகையும் மட்டுமே இருக்கலாம். இதயத் தமனி புடைக்கும் அபாயமோ இவர்களுக்குத்தான் அதிகம். மேலும், அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. இரண்டாம் நாள் வந்த தடிப்பு ஐந்தாம் நாள் மறைந்திருக்கலாம் என்பதால், கைப்பேசியில் தாய் எடுத்து வைத்த படத்தை நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. பிசிஜி தடுப்பூசித் தழும்பு புதிதாகச் சிவந்து தடித்திருந்தால், அந்தச் சிறிய இடமே பெரிய துப்பு.

இதைவிடக் கடினமானது ‘ஷாக்’ எனப்படும் அதிர்ச்சி நிலை. ரத்த அழுத்தம் இறங்கி, கைகால் சில்லிட்டு வரும் குழந்தையைக் கிருமித்தொற்று என்றே எவரும் முதலில் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆயினும் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) கிருமி வளராமல், ஆன்டிபயாடிக்குக்கும் காய்ச்சல் அசையாமல் இருந்தால், உடனே எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுக்க வேண்டும். இந்நோயில் இரண்டாவது வாரம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஏறுவதே வழக்கம். அவை குறைந்து, ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) மிக உயர்ந்து, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கினால், நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிய நிலையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். இறங்குவதைப் பார்த்துக் குணமாகிறது என்று நம்பிவிடக் கூடாது. ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற உறைதல் புரதம் தீர்ந்துபோவதால்தான் அது இறங்குகிறது.

காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் எடையில் கிலோவுக்கு 2 கிராம் இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரத மருந்து) நரம்பு வழியே ஏற்றினால், சிகிச்சையில்லாதபோது ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வரும் தமனிப் புடைப்பு இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. இதயம் தளர்ந்திருந்தால் மருந்தை மெதுவாக ஏற்ற வேண்டும். பல வேளைகளில் ஸ்டீராய்டும் சேர்ப்போம். தொற்றா, காவசாகியா என்று தெளியாத நிலையில், ஆன்டிபயாடிக்கை நிறுத்தாமலேயே இம்யூனோகுளோபுலினையும் தொடங்கலாம்.