ஆடிக் காற்றும் ஒரு நாளின் நீளமும்

அவையில் உள்ள பெரியவர்களே, ஆசிரியர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

ஆடி மாதம் பாலாற்றுப் பாலத்தில் டூவீலரில் போனால் மேல்காற்று வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளும், ஆற்று மணல் கண்ணில் அடிக்கும். இது ஏன் மேற்கிலிருந்து வருகிறது?

கோடை வெயிலில் ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கம் நிலம் காய்ந்து காற்றழுத்தம் இறங்குகிறது. வேலூரிலேயே தை மாதத்தைவிட ஆனியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 முதல் 10 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைவு. ஏலகிரி பஸ்ஸில் 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைக்கிறதே, அங்கே குறைவது இதைப்போலப் பல மடங்கு. ஆனால் இது ஒரு கண்டம் முழுக்க நடக்கிறது. அந்தத் தாழ்வை நோக்கித் தெற்கிலிருந்து ஓடிவரும் காற்று, பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி நம்மிடம் மேல்காற்றாக வருகிறது.

சரி, பூமி காற்றைத் திருப்புகிறது. காற்று பூமியை என்ன செய்கிறது? எனக்கு இதுதான் பெரிய வியப்பு. மேல்காற்று மரத்தையும் மலையையும் கிழக்கே தள்ளுகிறது. பூமி சுழல்வதும் கிழக்கே. அதனால் அந்தத் தள்ளல் பூமிக்கு வரவு. கிழக்கிலிருந்து வரும் கீழ்காற்று வீசும் இடங்களில் அதுவே செலவு. காற்று, பூமி இரண்டின் சுழற்சியையும் கூட்டினால் தொகை ஏறக்குறைய மாறாது. ஒன்று இழப்பது மற்றதற்குப் போகும்.

வடகோளத்தின் குளிர்காலத்தில் அங்கே உயரத்து மேல்காற்று வலுக்கிறது. காற்று கூடுதலாகப் பெற்ற அந்தச் சுழற்சி பூமியிடமிருந்து போனது என்பதால், பூமி துளி மெதுவாகி நாள் நீள்கிறது. ஆடியில் அது தளர்கிறது. போதாததற்கு நம் தலைக்கு மேலே சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று பாய்கிறது. கீழே மேல்காற்று, மேலே கீழ்காற்று! அதை 1958இல் விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். இப்படிக் காற்று இழக்கும் சுழற்சி பூமிக்கு வருவதால் ஆடியில் பூமி சற்றே விரைகிறது.

நாளின் நீளத்தில் மாற்றம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனாலும் 1937இலேயே பாரிஸ் வானாய்வகத்தில் நிக்கோலா ஸ்டோய்கோ ஊசல் கடிகாரங்களை வைத்தே இந்தப் பருவ மாற்றத்தைக் கண்டுபிடித்தார். இன்று அணுக்கடிகாரம் இருக்கிறது. 2024 ஜூலை 5 அன்று நாள் 86,400 நொடிக்கு 1.66 மில்லி நொடி குறைவாக முடிந்தது. அதில் நிலவுக்கும் பூமியின் உட்கருவுக்கும் பங்கு உண்டு. ஆண்டுதோறும் வந்துபோகும் ஏற்றஇறக்கம் பெரும்பாலும் காற்றின் வேலை.

செவ்வாய்க்குக் கலம் அனுப்புகிறவர்கள் பூமி அந்த நொடியில் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் வானிலை மையங்கள் தரும் காற்றின் முன்கணிப்பும் சேர்கிறது.